தரும நிலத்தின் விளைவு: போன் நகரத்து ஆதுலர்சாலைத் திராட்சைத் தோட்டம்

நிலத்தைத் தருமத்திற்கு எழுதிவைத்தல் காவிரிக் கடைமடையில் தொன்றுதொட்டு வழங்கிவரும் முறையாகும். காரைக்கால் நகரிலும், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி, நெடுங்காடு ஆகிய கொம்யூன்களிலும் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாதாகோயிலுக்கோ அன்னதானத்திற்கோ விட்ட நிலங்களைப் பற்றி அறியாத மிராசுதார் இலர். நிலத்தை ஈந்தவர் கருதியது ஒன்றே. தாம் மறைந்த பின்னரும் அந்நிலத்தின் விளைவு ஆண்டுதோறும் பசித்தவனுக்கும் பிணியாளனுக்கும் சென்று சேரவேண்டும் என்பது அது. அவ்வெண்ணம் எத்தனை தலைமுறை நிலைக்கும் என்பது ஈந்தவரின் உள்ளத்தைப் பொறுத்ததன்று. பின்வருவோர் அந்நிலத்தை நடத்தும் முறையைப் பொறுத்தது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உளது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலை நடைபெற்றது. மருத்துவருக்கும் அறுவை செய்வோருக்கும் பணிமகளிருக்கும் ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்று வரையறுத்து, சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அக்கோயிற் கல்வெட்டு குறிக்கின்றது. கல்வெட்டு இன்றும் உளது, ஆதுலர்சாலை இல்லை. அதற்கு நான்கு நூற்றாண்டுகட்குப் பின்னர்ப் பிரெஞ்சு தேசத்தில் தோன்றிய மற்றோர் ஆதுலர்சாலையோ, தனக்கு விடப்பட்ட நிலங்களின் விளைவைக்கொண்டு இன்றளவும் பிணியாளருக்கு உதவிவருகின்றது. காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததாகலின், அத்தேசத்துப் பெயர்களும் வழக்கங்களும் இவ்வூரார்க்குப் புதியன அல்ல. அவ்வாதுலர்சாலையின் நிலங்கள் எவ்வாறு பேணப்படுகின்றன, விளைவு எவ்வாறு விற்கப்படுகின்றது என்பவற்றை ஆராய்தல், தரும நிலங்களைப் பயிரிடுவோர்க்கும் அவற்றின் கணக்கைப் பார்க்கும் கிராம அதிகாரிகட்கும் பயன்தரும்.

ஆதுலர்சாலையின் தோற்றம்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்னும் நாடு உளது. அங்குள்ள சிறு நகரமே போன். 1443ஆம் ஆண்டில் பர்கண்டிக் கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சராகிய நிக்கொலா ரொலேன் என்பவரும் அவர் மனைவியார் கிகோன் தெ சலேன் என்பவரும் அந்நகரில் ஏழைகட்கென ஓர் ஆதுலர்சாலையை நிறுவினர். நூறாண்டுப் போர் என வழங்கும் நெடும்போரின் இறுதிக் காலம் அது. போரினாலும் பஞ்சத்தினாலும் கொள்ளை நோயினாலும் குடிகள் பெரிதும் நலிந்திருந்தனர். கட்டடம் முடிந்து, 1452ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதற் பிணியாளர் அங்கே சேர்க்கப்பட்டார். பல நிற ஓடுகள் வேய்ந்த அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. 1971ஆம் ஆண்டில் மருத்துவப்பணி புதிய கட்டடங்கட்கு மாற்றப்பட்டமையின், பழைய கட்டடம் இப்போது காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

நிறுவியோர் அளித்த வருவாயோடு பிறருடைய கொடைகளும் சேர்ந்தன. 1457ஆம் ஆண்டில் கிய்யெமெத் லெவெர்னியே என்னும் பெண்மணி ஒரு திராட்சைத் தோட்டத்தை எழுதிவைத்தார். அதுவே முதல் திராட்சை நிலக்கொடை எனக் கூறுவர். அதன்பின் ஐந்து நூற்றாண்டுகட்கு மேலாக ஒருவர்பின் ஒருவராக நிலம் விட்டனர். இவ்வாறு சேர்ந்த திராட்சை நிலம் இன்று சற்றேறக்குறைய 60 ஹெக்டேர், அதாவது 150 ஏக்கர். தஞ்சை வழக்கில் கூறின் 22 வேலியாகும். ஒரு பெரிய மிராசுக்கு மேற்படாத இந்நிலமே உலகெங்கும் பெயர் பெற்றதாயிற்று என்பது கருதத்தக்கது.

நிலமும் கொடியும்

பர்கண்டியின் சிறந்த தோட்டங்கள் கிழக்கு நோக்கிச் சரிந்த குன்றின் தாழ்வாரத்தில் அமைந்துள்ளன. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த நிலம். மேட்டில் மண் ஆழமின்றி வறண்டும், அடிவாரத்தில் ஈரம் மிகுந்தும் இருத்தலால், நடுச்சரிவே மிகச் சிறந்ததெனக் கொள்வர். ஒரு வரப்புக்கு இப்பாலும் அப்பாலும் சுவை வேறுபடும் என்பதை அங்குள்ள உழவர் பல நூற்றாண்டுப் பழக்கத்தால் அறிந்து, ஒவ்வொரு துண்டு நிலத்திற்கும் தனிப்பெயரும் தரமும் வகுத்துள்ளனர். இத்தர வகுப்பு 1935ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றது. ஆதுலர்சாலையின் நிலங்களுள் பெரும்பகுதி முதல் இரண்டு தரங்களைச் சேர்ந்தவை. தானம் செய்தோர் உதவாத நிலத்தைத் தள்ளிவிடாமல் நல்ல நிலத்தையே ஈந்தனர் என்பது இதனால் விளங்கும்.

அங்கே பயிராகும் இனங்கள் இரண்டே. கருந்திராட்சையில் பினோ நுவார், வெண்திராட்சையில் சார்டொனே. முன்னதே பெரும்பகுதி நிலத்தில் உளது. ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 10,000 கொடிகளை நெருக்கமாக நட்டு, இடுப்பளவு உயரத்திற்குமேல் ஓங்கவிடாமல் கம்பிகளிற் கட்டி வளர்ப்பர். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டுப் பந்தலிற் படரவிடும் முறையில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,670 கொடிகளே நிற்கும். நெருங்கிய கொடிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வேரை ஆழச் செலுத்துகின்றன. ஒவ்வொரு கொடியும் சில குலைகளையே ஈனுகின்றது. ஆயின் அக்குலைகளில் சாரம் செறிந்திருக்கும். பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும்போது கவாத்து செய்வர். ஏப்ரலில் துளிர்த்து, சூனில் பூத்து, பூத்த நூறு நாளளவில் செப்டம்பரில் அறுவடையாகும். ஆண்டுக்கு ஒரு போகமே.

மகசூலை மிகுவித்தல் எல்லாப் பயிர்க்கும் நன்மை என்னும் எண்ணம் அங்கே செல்லாது. கோர்ட்டோன் என்னும் முதல்தரச் செம்மது நிலத்தில் ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர், என்று விதி அளவு வகுத்துள்ளது. ஆதலின் மிகையான குலைகளை உழவர் காய்ப்பருவத்திலேயே கிள்ளி எறிவதும் உண்டு.

பயிரிடுவோர்

ஆதுலர்சாலை தன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பதில்லை. இருபதுக்குச் சற்று மேற்பட்ட உழவர்களை ஊதியத்திற்கு அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் இரண்டரை ஹெக்டேர் அளவு நிலத்தை ஒப்படைக்கின்றது. இது ஏறக்குறைய ஒரு வேலியாகும். கவாத்து முதல் அறுவடை வரை அவ்வொரு வேலிக்கு அவரே பொறுப்பாளர். ஒரே கையால் ஆண்டுகள் பல பேணப்படுதலின், எந்தக் கொடி நோயுற்றது, எந்த மூலையில் நீர் தேங்கும் என்பன அவருக்கு மனப்பாடம். இவர்கள் அனைவர்க்கும் மேலாக ஒரு தோட்ட மேலாளர் உளர். 2015 முதல் லுதிவீன் கிரிவோ என்னும் அம்மையார் இப்பதவியை வகித்துவருகின்றார். இப்பதவிக்கு வந்த முதற்பெண்மணி இவரே.

மது உண்டாகும் வகை

திராட்சைமது என்பது காய்ச்சி வடிக்கும் சாராயத்தின் வேறானது. பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிக்கச் செய்வதால் உண்டாவது. கருந்திராட்சையைத் தோலுடன் தொட்டியில் இட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுவர். தோலிலிருந்தே செந்நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. வெண்திராட்சையை முதலிற் பிழிந்து சாற்றை மட்டும் ஓக் மரப் பீப்பாய்களிற் புளிக்க வைப்பர். பர்கண்டிப் பீப்பாய் ‘பியேஸ்’ எனப்படும். அது 228 லிட்டர் கொள்ளும். அதனின்று ஏறக்குறைய 300 புட்டிகள் நிரப்பலாம்.

ஒவ்வொரு நிலத்து மதுவும் வேறாகவே வைக்கப்படுகின்றது. அண்மையிலுள்ள ஒரே தரத்து நிலங்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு வகுப்பாக்கி, அவ்வகுப்பிற்கு நிலமீந்தவர் அல்லது ஆதுலர்சாலைக்கு உழைத்தவர் பெயரைச் சூட்டுவர். இவ்வாறு ஐம்பதளவான வகுப்புகள் உள. நிக்கொலா ரொலேன், கிகோன் தெ சலேன் ஆகியோர் பெயரிலும், பிணியாளரைப் பேணிய துறவற மகளிர் பெயரிலும் வகுப்புகள் உண்டு. பல நூற்றாண்டுகட்கு முன் தானம் செய்தவர் பெயர் ஆண்டுதோறும் அவர் ஈந்த நிலத்தின் விளைவின்மேல் எழுதப்பெற்று உலகைச் சுற்றிவருகின்றது. கல்லில் வெட்டிய பெயரினும் இது நீடித்த நினைவாகும். நிலத்தையும் பெயரையும் பிரித்துவிடின் தானத்தின் மதிப்பே குறையுமாதலின், நிலத்தைக் காக்க வேண்டிய கட்டாயமும் இதனால் நிருவாகத்திற்கு உண்டாகின்றது.

வெளிப்படையான ஏலம்

1859 முதல் இம்மது பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டு வருகின்றது. நவம்பர் மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏல நாள். பண்டை முறையில் சிறு மெழுகுவத்தி எரிந்து அணையுமுன் கேட்ட கடைசிக் கேள்வியே விலையாகும். அறுவடையாகி இரண்டு மாதமே கழிந்த இளம் மதுவைப் பீப்பாயாகவே விற்பர். ஏலத்திற்கு முன்னர் வாங்குவோர் சுவைத்துப் பார்க்க இடமளிக்கப்படும். வாங்கியவர் அதனைப் பர்கண்டியிலேயே ஒரு வணிக நிலையத்தின் பொறுப்பில் வைத்து ஓராண்டு, இரண்டாண்டு பதப்படுத்திப் புட்டியில் அடைக்கவேண்டும். புட்டியின்மேல் ஆதுலர்சாலையின் பெயரும் வகுப்பின் பெயரும் வாங்கியவர் பெயரும் எழுதப்பெறும். ஆதலின் பின்னர்க் குறை நேரின் அது யாரிடத்து நேர்ந்ததென்று கண்டுகொள்ளலாம்.

முன்னர் அவ்வட்டாரத்து வணிகரே ஏலத்திற் கலந்துகொள்வர். 2005 முதல் ஏலத்தை நடத்தும் பொறுப்புப் பெரிய ஏல நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, தனியாரும் வெளிநாட்டாரும் கேள்வி கேட்க வழி ஏற்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 802 பீப்பாய்கள் விற்று, சற்றேறக்குறைய 3 கோடி யூரோ தொகை சேர்ந்தது. பீப்பாய் ஒன்றுக்குச் சராசரி 35,000 யூரோவிற்கு மேலாயிற்று. இவையன்றி 1978 முதல் ஒரு பீப்பாயைத் தனியே ஒதுக்கி, அதன் விலை முழுவதையும் வேறு அறப்பணிகட்கு அளிக்கின்றனர். 2022இல் அவ்வொரு பீப்பாய் 8,10,000 யூரோவிற்குச் சென்றது. தருமம் என்னும் நினைவால் வாங்குவோர் சந்தை விலைக்கு மேலும் கொடுக்கின்றனர் என்பதையும் இங்கே மறைத்தற்கில்லை. ஏலத் தொகை மருத்துவமனைக் கட்டடங்கட்கும் கருவிகட்கும் பழைய கட்டடத்தைப் பேணுதற்கும் செலவாகின்றது.

எல்லோர் முன்னிலையிலும் விலை கூறப்படுதலின், அவ்வாண்டு பர்கண்டி மதுவின் விலைப்போக்கை அறிதற்கு வணிகர் இவ்வேலத்தையே முதலில் நோக்குவர்.

இடையூறுகளும் அவற்றைக் கடந்த வகையும்

இத்தோட்டங்கள் இடையூறின்றி வாழ்ந்தன அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லொக்சரா என்னும் வேர்ப்பேன் பிரெஞ்சு தேசத்துத் திராட்சைக் கொடிகளைப் பெரும்பாலும் அழித்தது. பர்கண்டியில் அது 1870களில் காணப்பட்டது. அப்பேனைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டின்மேல் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டும் முறையே தீர்வாயிற்று. இன்றும் அங்குள்ள கொடிகள் ஒட்டுக்கொடிகளே. அதே ஆண்டுகளிற் பரவிய அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை 1885இல் அத்தேசத்திலேயே கண்டறியப்பட்டது. காரைக்கால் பகுதித் தென்னைக்கும் வெற்றிலைக்கும் இன்று தெளிக்கப்படும் கலவை அதுவே.

2021 ஏப்ரலில், துளிர்விட்ட கொடிகள்மேல் கடும் உறைபனி வீழ்ந்தது. பர்கண்டி உழவர் இரவெல்லாம் வரிசைதோறும் தீ ஏற்றி வைத்தும் பெருஞ்சேதத்தைத் தவிர்க்க இயலவில்லை. அவ்வாண்டு ஏலத்திற்கு வந்த பீப்பாய்கள் 400க்கும் குறைவு. மறு ஆண்டின் 802 பீப்பாய்களோடு இதனை ஒப்பிட்டால், ஓர் இரவின் பனி தரும வருவாயை எவ்வளவு அசைக்கும் என்பது தெரியும். விளைவு பெருத்த ஆண்டின் மிச்சத்தை இளைத்த ஆண்டிற்கு வைத்துக்கொள்ளும் நிருவாகமே இத்தகைய தாக்குதலைத் தாங்கும்.

யாவற்றினும் கருதத்தக்கது 1968ஆம் ஆண்டின் செயல். அவ்வாண்டு மழையினால் பழம் நன்கு முதிரவில்லை. மதுவின் தரம் குன்றியது. நிருவாகத்தார் அதனைத் தங்கள் பெயரில் ஏலத்திற்குக் கொண்டுவராமல் அவ்வாண்டு ஏலத்தையே நிறுத்தினர். ஓராண்டு வருவாயை இழந்து பல நூற்றாண்டுப் பெயரைக் காத்தனர்.

காரைக்காலில் திராட்சை கூடுமோ?

இவ்வரலாற்றைப் படித்த உழவர் சிலர்க்குத் திராட்சை நடும் ஆவல் எழலாம். கடைமடைக்கு அது ஏற்றதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையும், கடற்காற்றின் ஈரமும், நீர் வடியாத களிமண்ணும், கடலை அடுத்த நிலங்களின் உவர்ப்பும் கொடிக்குப் பகை. அடிச்சாம்பல் நோய்க்கோ உறவு. தமிழ்நாட்டில் திராட்சைக்கு உரிய இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே. அங்குள்ள பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது வழக்கு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் உண்பதற்கே விற்பனையாகின்றது. மது அருந்துதலை ஊக்குவிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று என்பதையும் சொல்லவேண்டுவதில்லை. போன் நகரத்தினின்று கொள்ளவேண்டியது பயிரன்று. நிலத்தை நடத்தும் முறையேயாம்.

தரும நிலங்கட்கு உகந்த முறைகள்

முதலாவது, முதல் குறையாமை. எழுதிவைத்த நிலத்தின் எல்லையும் சர்வே எண்ணும் ஈந்தவர் பெயரும் ஒரே பதிவேட்டில் இருத்தல் வேண்டும். எல்லைக் கல்லைக் கிராம அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரிற் பார்த்தல் நலம். வாய்க்காற்கரையில் ஓர் அடி நழுவினால் அதனை மீட்க ஒரு தலைமுறை வழக்கு நடைபெறும்.

இரண்டாவது, விளைவைக் கலவாமை. வெவ்வேறு வயல்களின் நெல்லை ஒரே களத்தில் குவித்துவிட்டால் எந்த வயல் எதைத் தந்தது என்பது மறைந்துபோம். தரும நிலத்திற் பத்து மாவையேனும் தனியே குறித்து, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா போன்ற பெயர்பெற்ற இனம் ஒன்றைப் பயிரிட்டு, கலவன் களைந்து, தனியே அடித்து, ஈரம் 14 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்தி, நிலத்தின் பெயரோடு மூட்டை கட்டுதல் கூடும். அவ்வரிசி அன்னதானத்திற்கே சென்றாலும், விலைக்குச் சென்றாலும், நிலமீந்தவர் பெயர் அதனோடு செல்லும். நிலத்தின் உவர்ப்பும் சத்தும் அறிதற்குக் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தையும், 1987இல் நிறுவப்பட்டுச் செருமாவிலங்கையில் நடைபெறும் பண்டித சவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியையும் அணுகலாம்.

மூன்றாவது, பயிரிடுவோனை நிலைநிறுத்தல். ஆண்டுக்கு ஒருவனாக மாறும் குத்தகைதாரன் எருவிடான், வரப்பைக் கட்டான். நல்ல முறையில் பயிரிடுவோனிடமே நிலம் நீடிக்கவேண்டும். அதற்கு ஈடாக அவனிடமிருந்து தவறாத குத்தகையும் ஒழுங்கான கணக்கும் பெறவேண்டும். இருவரில் ஒருவரே கடமையைச் செய்தால் நிலமும் தருமமும் சேர்ந்து கெடும்.

நான்காவது, பலரறிய விற்றல். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற் பருத்தி ஏலம் போவதைக் காரைக்கால் உழவர் அறிவர். தரும நிலத்து நெல்லும் உளுந்தும் தேங்காயும் அவ்வாறே நாள் குறித்து, முன்னறிவித்து, மாதிரி காட்டி ஏலம் விடப்படின், விலையைப் பற்றிய ஐயம் எவர்க்கும் எழாது. விற்ற தொகையையும் செலவையும் கோயில் வாயிலிலோ கொம்யூன் அலுவலகத்திலோ எழுதி ஒட்டுதல் கணக்கனுக்கும் காப்பாகும்.

ஐந்தாவது, தரங்குன்றியதைப் பெயர் சொல்லி விற்காமை. மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைத் தீவனத்திற்கு விற்கலாம்; தருமத்தின் பெயர் எழுதிய மூட்டையில் இடலாகாது.

பர்கண்டி மதுவின் விலை காரைக்கால் நெல்லுக்குக் கிடைக்கும் என எவரும் எதிர்பார்க்கவேண்டா. அவ்விலை ஐந்நூறு ஆண்டு கட்டுப்பாட்டின் பயன். ஆயினும் 1457இல் ஒரு பெண்மணி ஈந்த கொடியின் வழியே வந்த வருவாய் இன்றும் மருத்துவமனைக்குப் படுக்கை வாங்கித் தருகின்றது. அதனினும் மூத்த திருமுக்கூடலின் 15 படுக்கைகள் கல்லில் மட்டுமே உள. காவிரிக் கடைமடையில் விடப்பட்ட தரும நிலங்கள் இவ்விரண்டில் எவ்வழிச் செல்லும் என்பது, அவற்றை இன்று உழுபவரும் கணக்கெழுதுபவரும் எடுக்கும் அக்கறையில் அடங்கியுளது.